ஆச்சியின் வாய்ப்புண்ணும் ஒரு கொட்டான் மணத்தக்காளி வற்றலும்

‘மணத்தக்காளி சேர்த்துக்குங்க’ என்று ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறேன் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. வாய்ப்புண், வயிற்றெரிச்சல், மலச்சிக்கல், உடம்புச் சூடு என்று யார் வந்தாலும், கை சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போதே வாய் அதைச் சொல்லிவிடும். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வரும் ஓர் ஊரில் பன்னிரண்டு வருடமாகச் சித்த மருத்துவம் பார்க்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி எட்டு மாதம் வீணாய்ப் போன ஓர் ஆச்சியைப் பற்றி இங்கே எழுதுகிறேன். அவருடைய சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

முதல் வருகை

ஆச்சிக்கு 61 வயது. கணவர் காலமாகி ஒன்பது வருடம். மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற அந்தப் பெரிய வீட்டில் ஆச்சியும், பகலில் வேலைக்கு வந்து போகிற ஓர் அம்மாவும் மட்டும்தான். கீழுதட்டின் உட்பக்கம் இரண்டு, நாக்கின் ஓரத்தில் ஒன்று என்று சின்னச் சின்ன வட்டப் புண்கள். நடுவில் மஞ்சள் பூத்த வெள்ளை, சுற்றிலும் சிவப்பு வளையம். ‘சோத்த வாயில வச்சா நாக்கு வெந்துபோன மாதிரி எரியுது தம்பி. காரக்குழம்பு பக்கமே போக முடியல’ என்றார். மூன்று மாதமாக வருவதும் போவதுமாக இருக்கிறதாம்.

அன்றைக்கு ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தேன். டார்ச் அடித்து, நாக்கைத் துணியால் பிடித்து இழுத்து, அடிப்பக்கமும் கடைவாய் ஓரமும் பார்த்தேன். புண்ணைச் சுற்றித் தடவினால் கெட்டி தட்டவில்லை. வெள்ளைப் படலம் இல்லை. கழுத்தில் நெறி கட்டவில்லை. ஆச்சிக்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் உண்டு, புகையிலை கிடையாது. வாய்க்குள் ஒரே இடத்தில் மூன்று வாரத்துக்கு மேல் ஆறாமல் நிற்கிற புண் என்றால் அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், வலியே இல்லாவிட்டாலும், சதை எடுத்துப் பரிசோதிக்க அனுப்பிவிட வேண்டும். இது அப்படி இல்லை. ஒன்று ஆறும், வேறு இடத்தில் இன்னொன்று வரும்.

சர்க்கரை உண்டா என்று கேட்டேன். உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன் என்றார். என்ன மாத்திரை, எத்தனை வருடமாக, வேறு என்னென்ன மாத்திரை என்று கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது. நாடி பார்த்தேன், பித்தம் மிஞ்சியிருப்பதாகப் பட்டது. வாய் கொப்பளிக்கத் திரிபலா கஷாயம் சொன்னேன், சாப்பாட்டில் நெய் கூட்டச் சொன்னேன், கடைசியில் வழக்கமான அந்த வாக்கியத்தையும் சொல்லி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ஆச்சி வந்தார். ‘கேட்டுருச்சு தம்பி.’ எனக்கும் சந்தோஷம். ஒரு மாதத்தில் மறுபடியும் புண், மறுபடியும் அதே மருந்து, மறுபடியும் கேட்டது. இப்படி எட்டு மாதத்தில் ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் மருந்து வேலை செய்ததாக ஆச்சியும் நினைத்தார், நானும் நினைத்தேன். இந்த வகை வாய்ப்புண் ஏழு நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் தானாகவே ஆறிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல, பாடமாகப் படித்ததுதான். திரிபலாவால் ஆறியதா, கீரையால் ஆறியதா, பத்து நாள் ஆனதால் ஆறியதா என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஆறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பத் திரும்ப ஏன் வருகிறது என்பதைப் பார்க்கவில்லை.

செடி

ஆச்சியின் கதையைச் சற்று நிறுத்திவிட்டுச் செடியைச் சொல்கிறேன். செட்டிநாட்டில் கிணற்றடி, பாத்திரம் துலக்குகிற இடம், கொல்லைச் சுவரோரம் என்று எங்கே கொஞ்சம் ஈரம் இருக்கிறதோ அங்கே யாரும் விதைக்காமலே மணத்தக்காளி முளைத்திருக்கும். பழத்தைத் தின்கிற குருவிகள்தான் விதைக்கின்றன. இடுப்புயரம் வளரும். வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள் மூக்கு, கத்திரிப்பூவின் குட்டித் தங்கை மாதிரி. காய்கள் கொத்தாகத் தொங்கும், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு, அதனாலேயே மிளகுதக்காளி என்றும் பெயர். ஆச்சி வீட்டில் வேலை செய்கிற அம்மா ராமநாதபுரம் பக்கத்து ஊர்க்காரர், அவர் வாயில் இது சுக்குட்டி. வடமொழி வைத்திய நூல்களில் காகமாசி. அமெரிக்காவிலிருந்து இன்றைய தக்காளி வந்து சேர்ந்தபோது அதைத்தான் சீமைத் தக்காளி என்று ஒட்டுப் போட்டு அழைத்தார்கள். இந்தச் சின்னப் பழத்துக்குச் சீமை ஒட்டுத் தேவைப்படவில்லை.

நாம் மணத்தக்காளி என்று சொல்வது ஒரே செடி அல்ல என்பதும் கவனிக்க வேண்டியது. சோலனம் நைக்ரம் என்ற தாவரவியல் பெயருக்குள் நெருங்கிய உறவுள்ள பல இனங்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றில் 24, ஒன்றில் 48, ஒன்றில் 72. ஒன்று பளபளவென்று கறுத்துப் பழுக்கும், ஒன்று மங்கலான கறுப்பு, ஒன்று ஆரஞ்சு கலந்த சிவப்பு. ஆராய்ச்சிக் கட்டுரையில் சோலனம் நைக்ரம் என்று போட்டிருந்தால் அது நம் கிணற்றடிச் செடிதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

சித்த மருத்துவத்தில் இலை, காய், பழம், வேர் எல்லாமே பயன்படும். வாய்ப்புண், குழந்தைகளுக்கு வரும் அக்கரம் (வாய் வெந்து புண்ணாவது), குன்மம் (வயிற்றுப்புண், வயிற்றுவலி), மலக்கட்டு, உடல் வெப்பம், ஈரல் வீக்கம் என்று பட்டியல் நீளும். இலையை வெறுமனே மென்று சாற்றை வாயில் அடக்கி வைப்பது இந்தப் பக்கத்தில் இன்றைக்கும் உண்டு. சமையலில் சேரும்போது அதற்குத் தனி அழகு. செட்டிநாட்டுத் தண்ணிச்சாறு வைத்துச் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும்: அரிசி களைந்த இரண்டாவது தண்ணீர், சின்ன வெங்காயம், சீரகம், ஒன்றிரண்டு வரமிளகாய், அதில் கீரை வெந்து துவண்டதும் தேங்காய்ப்பால் ஊற்றி ஒரு கொதி வருவதற்குள் இறக்கிவிடுவது. கசப்பு இருக்கும், ஆனால் தேங்காய்ப்பால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். வாய் வெந்து கிடக்கிறவர்களுக்குக் காரமில்லாமல், மெல்லாமல் உள்ளே போகிற சாப்பாடு இதுதான். நான் ‘மணத்தக்காளி சேர்த்துக்குங்க’ என்று சொல்லும்போது என் மனதில் இருந்தது இந்தத் தண்ணிச்சாறு.

வீட்டில் பார்த்தது

எட்டாவது மாதம் ஆச்சி வரவில்லை. படியேறினால் மூச்சு வாங்குகிறது, தலை லேசாகச் சுற்றுகிறது, வந்து பார்க்க முடியுமா என்று போன். சாயங்காலம் போனேன். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், கிழக்குப் பக்கம் வெள்ளை வேட்டி விரித்து அதன்மேல் மணத்தக்காளிக் காய் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பெரிய மங்குச் சட்டியில் புளித்த மோர். வேலைக்கார அம்மா வேட்டியின் நாலு மூலையையும் பிடித்துக் காயை ஒரே வீச்சில் மோருக்குள் தட்டினார். இரவெல்லாம் ஊறும், காலையில் மறுபடி வெயிலுக்கு வரும். மோர் முழுக்க இழுத்துக்கொள்ளும் வரை நாலைந்து நாள் இப்படி நடக்கும். பச்சைக்காயாகப் பறித்து, லேசாக நசுக்கி, ஒரு படி காய்க்கு ஒரு கை கல்லுப்புப் போட்டு ஊற வைப்பதாக அந்த அம்மா சொன்னார். அவர் கையும் ஒன்றும் சின்னக் கை அல்ல.

‘இவ்வளவு வத்தல் யாருக்கு ஆச்சி? சிங்கப்பூருக்கா?’

‘எனக்குத்தான். மருந்துன்னு நீங்கதானே தம்பி சொன்னீக.’

ஓலைக் கொட்டான் ஒன்றை எடுத்து வந்து காட்டினார். முக்கால் கொட்டான் வற்றல். காலையில் கஞ்சிக்கு ஒரு பிடி, இரவு மோர்ச்சோற்றுக்கு ஒரு பிடி, எண்ணெயில் பொரித்து. எட்டு மாதமாக, ஒரு நாள் தவறாமல். கீரை? ‘ஒத்த ஆளுக்குக் கீரை ஆய்ஞ்சு வைக்க யாரு இருக்கா? வத்தல்னா எடுத்தோம் பொரிச்சோம்.’

நான் மணத்தக்காளி என்று சொன்னேன், அவர் வற்றல் என்று கேட்டார். இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்கு முதலில் நினைவுக்கு வருவது வற்றல்தான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், நானும் இந்தச் சாப்பாட்டில் வளர்ந்தவன்தான். பொரித்த வற்றல் ஒன்றை வாயில் போட்டேன். மொறுமொறுவென்று உடைந்து கூரான துண்டுகளாக ஈறில் குத்தியது. அப்புறம் உப்பு. புண் இருக்கிற வாயில் இதை இரண்டு வேளை மென்றால் புண் ஆற உதவுவதைவிடக் கிளறிவிடுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். வாய்க்குள் ஏற்படும் சின்னக் கீறல்கூட இந்த வகைப் புண்ணைத் தூண்டும்.

இரத்த அழுத்தம் பார்த்தேன். 164/96. அழுத்தத்துக்கு மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறாராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு எடுக்கச் சொல்கிறது. கஞ்சியிலும் குழம்பிலும் ஊறுகாயிலும் போகிற உப்புக்கு மேல் இந்த இரண்டு பிடி. இதனால் மட்டுமே அழுத்தம் ஏறியது என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் வைத்தியர் சொன்னார் என்று உப்பைப் பிடிபிடியாகச் சாப்பிட வைத்திருக்கிறேன் என்பது உறைத்தது.

வற்றலோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். கிளம்பும்போது ஆச்சி வாசல்வரை வந்தார். பட்டாலை என்கிற கூடத்திலிருந்து முன்புற முகப்புக்கு இறங்கும் இடத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு காலைத் தடவித் தடவி வைத்தார். கண் சரியாகத் தெரியவில்லையா என்று கேட்டேன்.

‘கண்ணெல்லாம் நல்லாத் தெரியுது. இந்தக் கல்லுதான் இப்பல்லாம் காலுக்குச் சில்லுன்னு தெரிய மாட்டேங்குது. பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கு.’

கீழே ஆத்தங்குடிக் கல். கண்ணாடி மேல் வண்ண சிமெண்ட்டை ஊற்றி ஒவ்வொன்றாகக் கையால் வார்க்கிற கல், சித்திரை வெயிலிலும் காலுக்கு இதமாக இருப்பதற்குப் பெயர் போனது. வருடக்கணக்கில் அந்த வீட்டில் நடந்த கால் அந்தக் குளிர்ச்சியை மறந்திருக்கிறது. வாய்ப்புண், நாக்கெரிச்சல், மூச்சு வாங்குதல், மரத்த கால். இவற்றை நான் தனித்தனியாகக் கேட்டிருந்தேன், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது அந்தத் தூணருகில்தான்.

திரும்ப உள்ளே போய் உட்கார வைத்து, முதல் நாள் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் காலை 1000, இரவு 1000 மில்லிகிராம், பதினோரு வருடமாக. நெஞ்செரிச்சலுக்கு ஒமிப்ரசோல், எப்போதோ இரண்டு வாரத்துக்கு என்று எழுதிக் கொடுத்தது, மருந்துக்கடையில் வாங்கி வாங்கி ஆறு வருடமாக ஓடுகிறது. கணவர் போன பிறகு கறி, மீன், முட்டை எதையும் தொடுவதில்லை. பால் பிடிக்காது, காபிக்கு ஒரு துளி. சளி கட்டுமென்று தயிர் கிடையாது, நிறையத் தண்ணீர் விட்ட மோர் மட்டும். நாக்கை மறுபடி பார்த்தேன். புண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில் நாக்கைப் பார்க்கத் தவறியிருக்கிறேன். மேல்புறத்துச் சொரசொரப்பு போய், வழவழவென்று, பச்சை மாமிசம் மாதிரிச் சிவந்திருந்தது. கண் இமையின் உட்புறம் வெளுத்திருந்தது. மறுநாள் டியூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்தேன், இரண்டு காலிலும் அதிர்வு தெரியவில்லை. கணுக்காலில்தான் லேசாகத் தெரிந்தது.

பரிசோதனை

காரைக்குடியில் ஒரு பொது மருத்துவரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினேன். ஹீமோகுளோபின் 9.6 (பெண்களுக்கு 12க்குக் கீழே என்றாலே ரத்தசோகை). சிவப்பணுக்களின் சராசரி அளவு 109, அதாவது அணுக்கள் ஊதிப் பெருத்திருந்தன. இரும்புச்சத்துக் குறைவில் அணு சிறுக்கும், இங்கே நேர்மாறு. ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின் சரியாக இருந்தது. வைட்டமின் பி12 ஒரு மில்லிலிட்டருக்கு 118 பிக்கோகிராம், பொதுவாக 200க்கு மேல் இருக்க வேண்டும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.2 சதவீதம், மோசமில்லை.

பி12 எப்படி உள்ளே போகிறது என்று பார்த்தால் ஆச்சிக்கு எத்தனை வாசல் அடைபட்டிருந்தது என்பது விளங்கும். இந்தச் சத்தைத் தாவரம் எதுவும் உண்டாக்குவதில்லை, நுண்ணுயிர்கள்தான் உண்டாக்குகின்றன. நமக்குக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் வழியாக. ஆச்சிக்கு அதில் மூன்று ஒரேயடியாக நின்றுபோனது, நாலாவது பேருக்கு. உணவிலிருந்து அதைப் பிரித்தெடுக்க இரைப்பையில் அமிலம் வேண்டும், ஒமிப்ரசோல் அந்த அமிலத்தைக் குறைக்கிறது. பிரிந்த பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட வேண்டும், மெட்ஃபார்மின் அங்கே தடங்கல் செய்கிறது. கல்லீரலில் பல வருடத்துக்கான சேமிப்பு இருப்பதால் உடனே ஒன்றும் தெரியாது. கையிருப்பு கரையக் கரையத்தான் நாக்கும் ரத்தமும் நரம்பும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிக்கொடுக்கும். மெட்ஃபார்மினால் பி12 குறைவது அபூர்வமல்ல. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022 ஜூனில் இதை மருத்துவர்களுக்குத் தனியாக எடுத்துச் சொன்னது: அதிக அளவில், நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களுக்கு இது சகஜமான பக்கவிளைவு, அறிகுறி தென்பட்டால் அளந்து பாருங்கள் என்று.

கால் மரத்துப்போவது சர்க்கரையாலும் வரும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ‘சுகர் கால்’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அதுவும் கொஞ்சம் கலந்திருக்கலாம். ஆனால் சர்க்கரையால் நாக்கு வழவழப்பாகாது, சிவப்பணு ஊதாது.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது என் கையில் நடந்ததல்ல. பொது மருத்துவர் 1000 மைக்ரோகிராம் பி12 ஊசியை இரண்டு வாரத்துக்கு ஒன்றுவிட்டு ஒரு நாளும், பிறகு வாரம் ஒன்றும், பிறகு மாதம் ஒன்றுமாகப் போட்டார். மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை, நிறுத்த அவசியமும் இல்லை. ஒமிப்ரசோலைப் படிப்படியாகக் குறைத்து விட வைத்தார். நான் கையாண்டது சாப்பாட்டை மட்டும். வற்றல் கொட்டானைப் பரணுக்கு ஏற்றச் சொன்னேன். வாரம் இரண்டு நாள் தண்ணிச்சாறு, கீரை ஆய வேலைக்கார அம்மாவுக்கு அரை மணி நேரம் கூடுதல் சம்பளம். மகள் போனில் உடனே ஒத்துக்கொண்டார். தினம் ஒரு கப் கெட்டித் தயிர் என்றும் சொன்னேன், அதற்குத்தான் பெரிய பஞ்சாயத்து. மத்தியானச் சாப்பாட்டோடு மட்டும் என்று முடிவானது.

மகனும் மகளும் அனுப்பியவை

இந்த இடைவெளியில் சிங்கப்பூரிலிருந்து மகன் ஆச்சிக்கு ஒரு வாட்ஸ்அப் தகவல் அனுப்பியிருந்தார். ஆச்சி அதை என்னிடம் போட்டுக் காட்டினார். ‘ஆத்தா, மணத்தக்காளி ஈரல் புத்துநோயையே குணமாக்குதாம், அமெரிக்காக்காரனே ஒத்துக்கிட்டானாம், விடாம சாப்பிடுங்க.’ அதே வாரம் சென்னையிலிருந்து மகள்: அது நைட்ஷேட் வகையாம், விஷச்செடியாம், உடனே நிறுத்தணுமாம். நடுவில் ஆச்சி கொட்டானைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகன் சொன்னதில் பாதி உண்மை. திருவனந்தபுரத்தில் உள்ள ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தின் விஞ்ஞானிகள் இந்தச் செடியின் இலையிலிருந்து உட்ரோசைடு-பி என்ற மூலக்கூறைப் பிரித்தெடுத்தார்கள். கல்லீரல் புற்றுநோய்ச் செல்களிலும் எலிகளிலும் அது நன்றாக வேலை செய்ததை 2016இல் வெளியிட்டார்கள். 2021இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு ‘ஆர்ஃபன் டிரக்’ தகுதி கொடுத்தது. அரிய நோய்க்கான மருந்தை உருவாக்க முன்வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சலுகை அது. மருந்து பலிக்கிறது, விற்கலாம் என்ற அனுமதி அல்ல. பிரித்தெடுத்து அளந்து கொடுக்கிற ஒரு மூலக்கூறுக்கும் ஒரு பிடி கீரைக்கும் உள்ள தூரத்தை வாட்ஸ்அப் கடந்துவிடுகிறது.

மகள் சொன்னதிலும் ஒரு துளி உண்மை. ஆங்கிலத்தில் ‘டெட்லி நைட்ஷேட்’ என்று பயமுறுத்துவது அட்ரோபா பெல்லடோனா என்ற வேறு செடி, ஐரோப்பாவில் வளர்வது, பழம் பெரிசாகத் தனித்தனியாக நிற்கும். நம்முடையது சின்னப் பழம், கொத்தாக வரும். ஆனால் மணத்தக்காளியின் பச்சைக்காயில் சோலனின் போன்ற ஆல்கலாய்டுகள் (தாவர நச்சுகள்) உண்டு, பழுக்கப் பழுக்க அவை குறையும். பச்சைக்காயைக் கைநிறையப் பறித்துத் தின்ற குழந்தைக்கு வாந்தி, வயிற்றுவலி, பேதி வரலாம். கொதிக்க வைத்தால் சோலனின் போய்விடும் என்று நினைப்பதும் தப்பு, அது சூட்டுக்கு எளிதில் அசையாது. புளித்த மோரில் ஊற வைப்பதற்குக் காரணம் உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது, இந்த வகை ஆல்கலாய்டுகள் அமிலத்தில் கரையும். ஆனால் மோரை நாம் வடித்துக் கொட்டுவதில்லையே, காய் அதையே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வற்றல் நம்மை ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு முக்கியக் காரணம் அளவுதான். வத்தக்குழம்பில் ஆளுக்கு ஒரு கரண்டிக்குள் அடங்குகிற பொருளை ஆச்சி பிடிபிடியாகச் சாப்பிட்டிருக்கிறார்.

என்னை இன்னும் யோசிக்க வைப்பது வேறொரு ஆய்வு. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் 2006இல் மணத்தக்காளிப் பழச் சாரத்தை இரைப்பைப் புண் உண்டாக்கிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். புண் நன்றாகவே குறைந்தது. எப்படி என்று தேடியதில், இரைப்பையில் அமிலத்தை வெளியேற்றுகிற நொதியை அந்தச் சாரம் மட்டுப்படுத்துவது தெரிந்தது. ஒமிப்ரசோல் போய் உட்காருவதும் அதே நொதியில்தான். குன்மத்துக்கு மணத்தக்காளி என்று நம் வைத்தியம் சொன்னதற்கு இது கௌரவமான சாட்சி, சந்தேகமில்லை. எலியில் பார்த்தது மனிதருக்கும் அப்படியே பொருந்துமானால் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்போது அமிலம் குறைந்து பி12 வறண்டுபோன ஆச்சிக்கு நான் கொடுத்தது ஒமிப்ரசோலின் மேல் இன்னொரு ஒமிப்ரசோல். சாப்பாட்டு அளவில் அப்படி நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ‘கீரைதானே, என்ன செய்துவிடப் போகிறது’ என்று சொல்லிக்கொண்டே ‘கீரை குடற்புண்ணை ஆற்றும்’ என்றும் சொல்ல முடியாது. ஆற்றுகிற சக்தி உண்டென்றால் இடம் தெரியாமல் கொடுத்தால் கெடுக்கிற சக்தியும் உண்டு.

அப்புறம் நடந்தது

ஊசி ஆரம்பித்து இரண்டு வாரத்தில் நாக்கெரிச்சல் தணிந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு புதிதாகப் புண் வரவில்லை. ஆறு மாதத்தில் ஒரே ஒரு தடவை, உதட்டைக் கடித்துக்கொண்ட இடத்தில் ஒன்று வந்து போனது. மூன்றாம் மாதம் ஹீமோகுளோபின் 11.8, நாக்கில் சொரசொரப்பு திரும்பியிருந்தது. இரத்த அழுத்தம் அதே மாத்திரையில் 138/84. வற்றலை நிறுத்தியதாலா, நல்ல தூக்கம் வந்ததாலா, மாத்திரையை இன்னும் ஒழுங்காகச் சாப்பிட்டதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மணத்தக்காளி இந்த நிகழ்வில் என்ன செய்தது என்று யாராவது கேட்டால், வாய்ப்புண்ணுக்கு அது பலிக்கும் பலிக்காது என்று இந்த ஒருவரை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்பதுதான் என் பதில். அவர் கீரை சாப்பிடவே இல்லை. பி12 ஏறியபோது புண் நின்றது, அதே சமயத்தில் வற்றலும் நின்றது. இரண்டில் எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லாமல் நாங்களே இரண்டையும் ஒன்றாக மாற்றிவிட்டோம். பி12தான் பெரும்பங்கு என்பதற்கு ரத்தமும் நாக்கும் சாட்சி, அவ்வளவுதான்.

என் சீட்டில் மாற்றம் வந்திருக்கிறது. மணத்தக்காளி என்று மட்டும் எழுதுவதில்லை. ‘கீரை, வாரம் 2 நாள், தண்ணிச்சாறாக’ என்றோ ‘கறுத்த பழம், ஒரு சின்னக் கை’ என்றோ எழுதுகிறேன். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு இருக்கிறவர்களுக்கு ‘வற்றல் குழம்புக்கு மட்டும்’ என்று அடிக்கோடு போடுகிறேன். மூன்று தடவைக்கு மேல் திரும்புகிற வாய்ப்புண்ணுக்கு மருந்து எழுதுவதற்கு முன் மாத்திரை டப்பாவைக் கொண்டுவரச் சொல்கிறேன். சிலர் ஒரு மஞ்சப்பை நிறையக் கொண்டுவருகிறார்கள்.

கால்தான் மெதுவாகத் திரும்புகிறது. நரம்பு நீண்ட நாள் பட்டினி கிடந்தால் முழுக்க மீளாமலும் போகலாம் என்று ஆச்சியிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறேன். போன மாதம் ஊசிக்குப் போய்விட்டு வழியில் வந்து உட்கார்ந்தார். வலது காலுக்குக் கல் கொஞ்சம் சில்லென்று தெரிகிறதாம், இடது காலுக்கு இன்னும் பஞ்சுதானாம். எழுந்து போகும்போது திரும்பிப் பார்த்துக் கேட்டார்: ‘பரண்ல இருக்குற வத்தல என்ன பண்றது தம்பி? மழைக்காலம் வந்தா பூத்துப்போகும்.’ சிங்கப்பூருக்கு அனுப்பிவிடச் சொன்னேன், குழம்புக்கு மட்டும் என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே போட்டு.